பினாங்கு வண்டியின் இடது றெக்கை

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. எது நடந்தாலும் அதை அவர் முன்கூட்டியே சொல்லியிருப்பார். மழை வந்தால், "நான் அப்பவே சொன்னேன்." வராவிட்டாலும் அதே பேச்சுதான். எங்கள் கல்யாணத்தில் பந்தல் மூங்கில் ஒன்று சரிந்து பந்தி நடுவே விழுந்தபோது, கையில் தாலியை வைத்துக்கொண்டு, அது விழும் என்று தான் நேற்றே சொன்னதை ஐயரிடம் விளக்கிக்கொண்டிருந்தவர். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. நான்தான் குனிந்த தலை நிமிராமல் அவர் முழங்கையை இடித்தேன்.

பேர் ராசப்பன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியைத் துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்று முன்னாடியே யோசித்து, அந்தச் சுருக்கத்துக்கு இடம் விட்டு வெட்டுகிற வேலை. அங்கே அந்தப் புத்திக்குச் சம்பளம் கொடுத்தார்கள். மச்சானிடம் அதைக் காட்டப் போனதில்தான் எங்கள் வீட்டுக்குச் சனி பிடித்தது.

என் அண்ணன் கந்தவேல் பினாங்கில் ஜவுளிக் கடையில் இருந்தவர். நான் மாசமாக இருந்த சமயத்தில் ஊருக்கே திரும்பிவிட்டார். கப்பலில் கூடவே ஒரு ஜப்பான் மோட்டார் சைக்கிளும் வந்து இறங்கியது. அங்கே சில வருஷம் ஓடிய வண்டிதான். ஆனால் பொங்கலூரில் அப்படி ஒன்றை அதுவரை யாரும் பார்த்ததில்லை. ஓட்டுகிறவர் காலில் சேறு தெறிக்காமல் இருக்க, முன்னால் இரண்டு பக்கமும் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் அகலமாக ஒரு மறைப்பு இருந்தது. ஊர் அதற்கு றெக்கை என்று பேர் வைத்தது. அண்ணன் அந்த றெக்கையைத் துடைக்கிற மாதிரி தன் முகத்தைக்கூடத் துடைத்ததில்லை.

அந்த வண்டியில்தான் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னால் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். பிறக்கப் போகிற குழந்தையைக் குளிப்பாட்டுவதற்காம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் தொட்டியை விரலால் தட்டிப் பார்த்தார். வாசலுக்குப் போய் வண்டியின் றெக்கையைத் தட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, காபி டம்ளரை வாயில் வைத்திருந்த என் அண்ணனிடம் சொன்னார்.

"ஏனுங் மச்சான், இந்தத் தொட்டி செஞ்ச மிச்சத்துலதான் அந்த றெக்கையப் பண்ணியிருப்பாங்களாட்ட இருக்குது. ஒரு தட்டுத் தட்டுனா ஒடைஞ்சுபோயிருமுங்க."

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். அது ஜப்பான்காரன் பிளாஸ்டிக் என்றும், யானை மிதித்தாலும் உடையாது என்றும் சொன்னார். இவர், யானை எதற்கு, நம் வீட்டு ஆட்டுக்கல் போதும் என்றார். பேச்சு வளர்ந்தது. பாதிக் காபியோடு அண்ணன் எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை கிடையாது. வள்ளி பிறந்ததற்கு வந்து பார்த்தார், என்னிடம் நாலு வார்த்தை பேசினார், வீட்டுக்காரர் உள்ளே வந்ததும் செருப்பை மாட்டினார். ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக உறவை அறுத்துக்கொண்ட இரண்டு ஆம்பிளைகளுக்கு நடுவில் நான் கிடந்து மாட்டிக்கொண்டேன்.

வள்ளிக்குக் காது குத்த வேண்டிய வயசு வந்தது. எங்கள் சனத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை அடித்துக் காது குத்துவார்கள். எனக்கு உடன்பிறந்தவர் அவர் ஒருவர்தான். ஒன்றுவிட்ட அண்ணன் மடியில் உட்கார வைத்தால், பிள்ளைக்குக் கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுக்கும்வரை அதைச் சொல்லிக் காட்டுவார்கள். அதுகூடப் போகட்டும். எனக்கு என் அண்ணன் வேண்டும். வெட்கத்தை விட்டு, ஒரு தாம்பாளத்தில் பழத்தோடு பொங்கலூர் போய் அவர் வாசலில் உட்கார்ந்து அழுதேன். வருகிறேன் என்றார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போய்விட்டு, திரும்பி வந்ததும் சிவன்மலையில் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

சொன்னபடி, பழனிக்குப் புறப்படுகிற அன்று காவி வேட்டியோடு வந்தார். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற விரதம், அதற்கப்புறம் வண்டியில் ஏறக்கூடாது. வேறு யாரையும் நம்பாமல் வண்டியை எங்கள் வாசலில் நிறுத்தினார். சாவியை என்னிடம் கொடுத்தார். துடைக்கிற துணியை மட்டும் இவரிடம் கொடுத்து, "பாத்துக்குங் மாப்ள" என்றார். அத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவர் இவரிடம் சொன்ன முதல் வார்த்தை. இவரும் தலையாட்டினார். வேறு எதுவும் சொல்லாமல் இருக்க அவர் தொண்டை பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டுச் சுப்பண்ணன் வண்டி பார்க்க வந்தார். என் வீட்டுக்காரரின் கம்பெனியிலேயே டெய்லர். இவர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, தன் பழைய கட்சியை அவருக்கு எடுத்துச் சொன்னார். இரும்பு வண்டியென்றால் கனம் இருக்குமாம், இது வெறும் டப்பாவாம், ஒற்றைக் கையில் தூக்கலாமாம். சொன்னதோடு நிற்காமல் தூக்கியும் காட்டினார். ஸ்டாண்டிலிருந்து வண்டி நழுவியது. வாசலில் வேறு எங்கும் விழ இடமில்லாத மாதிரி, நேராக ஆட்டுக்கல்லின் மேல் போய்ச் சாய்ந்தது. இடது றெக்கை நடுவில் இரண்டாகப் பிளந்தது.

நான் சமையலறையிலிருந்து ஓடி வந்தேன். என் வீட்டுக்காரர் முகத்தில் பயம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. கோயிலில் தீபாராதனை பார்க்கிற முகம்.

"பாத்தியா புள்ள? நான் அப்பவே சொன்னேன்."

அந்த ஆட்டுக்கல் குழவியைத் தூக்க எனக்குத் தெம்பிருந்தால் அன்றைக்கு இந்தக் கதை முடிந்திருக்கும். என் அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டேன். சண்டையில் ஜெயிப்பதற்காக வேண்டுமென்றே உடைத்தார் என்றுதானே அவர் நினைப்பார், பிள்ளை யார் மடியில் உட்காரும் என்று கேட்டேன். அப்போதுதான் அவர் முகத்திலிருந்த தீபாராதனை அணைந்தது.

சுப்பண்ணன் தைரியம் சொன்னார். பனியன் ஊரில் பிறந்தவர்களுக்கு உலகத்தில் கிழிசல் என்று ஒன்றுதான் உண்டு, அதற்குத் தையல் என்று ஒன்றுதான் மருந்து. முதலில் சைக்கிள் கடை சொலூசனைப் பூசிப் பார்த்தார்கள், அது காய்ந்து தோலாக உரிந்து வந்தது. அப்புறம் றெக்கையை வண்டியிலிருந்து கழற்றி, கோணி ஊசியை அடுப்பில் காய்ச்சி, பிளவின் இரண்டு பக்கமும் வரிசையாகத் துளை போட்டு, பனியன் நூலை நாலாக முறுக்கிச் சுப்பண்ணன் தைத்தார். தையல் நன்றாகவே இருந்தது. ஒரு பிசிறு இல்லை. லேபிள் ஒன்றுதான் பாக்கி. ஆனால் பார்த்தால், வயிற்றில் ஆபரேஷன் ஆனவன் சட்டையைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி இருந்தது. சூடான ஊசி பட்ட இடமெல்லாம் பழுப்புக் கறை வேறு.

கறைதானே, அது என் பொறுப்பு என்றார் என் வீட்டுக்காரர். அழுக்குத் துணியை வெள்ளையாக்குவதுதானே ஊருக்கே தொழில். மறுநாள் றெக்கையைக் கோணிப்பையில் சுற்றிச் சலவைப் பட்டறைக்கு எடுத்துப் போய், பனியன் துணி வெந்துகொண்டிருந்த தொட்டியில் அதையும் இறக்கிவிட்டார். சாயங்காலம் அவர் திரும்பி வந்தபோது கோணிப்பையின் வடிவமே சரியில்லை. பிரித்தால், றெக்கை பொரித்த அப்பளமாக மடிந்து சுருண்டு கிடந்தது. பிளாஸ்டிக் கொதிநீரில் இளகியிருக்கிறது, அதுவரை சலவை காணாத பச்சை நூல் அதில் சுருங்கி இழுத்திருக்கிறது.

ஊரில் யாருக்கு இது நடந்தாலும் நான் பொறுத்துக்கொள்வேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை "சுருக்கத்துக்கு விடு, சுருக்கத்துக்கு விடு" என்று கம்பெனியே அதிரக் கத்துகிற மனுஷன், சொந்த மச்சானின் றெக்கையில் சுருக்கத்தை மறந்துவிட்டார். நூல் சுருங்கும் என்று அப்பவே சொல்லவில்லையா என்று கேட்டேன். கல்யாணமானதிலிருந்து அவர் அப்படி வாயடைத்து நின்று நான் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்கக்கூட எனக்கு நேரமில்லை.

தெருவில் "ஒடஞ்ச வாளி, கொடம் ஒட்டுறதேய்" என்று குரல் கேட்டபோது நான் செருப்பில்லாமல் ஓடினேன். தெக்கத்தி ஆள் ஒருவர், கரியடுப்பும் இரண்டு மூன்று இரும்புக் கம்பியும் ஒரு சாக்கு நிறைய உடைசல் பிளாஸ்டிக்கும் வைத்திருந்தார். றெக்கையைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார்.

"ஏம்மா, இது வாளியிலயும் சேத்தியில்ல, கொடத்துலயும் சேத்தியில்ல. இதுல எப்படித் தண்ணி மோப்பீக?"

வண்டி என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் தையலைப் பிரித்து, அனலில் காட்டி, பலகையால் அழுத்திச் சுருக்கத்தை எடுத்துவிட்டார். பிளவை மூடுவதற்கு மேலே உருக்கி வார்க்க அதே மாதிரி பிளாஸ்டிக் வேண்டும் என்றார். அவர் சாக்கில் சிவப்பு இருந்தது, பச்சை இருந்தது, நீலம் இருந்தது. வெள்ளை இல்லை. வெள்ளைச் சோப்பு டப்பா ஒன்றைக் கொடுத்தேன். கம்பியை வைத்தார், பொடிந்து போனது. அது வேற சாதி, ஒட்டாது என்றார். அப்புறம் அவர் கண் என்னைத் தாண்டி வீட்டுக்குள் போயிற்று. பரண் மேல் வள்ளியின் தொட்டி கவிழ்த்து வைத்திருந்தது.

நான் முடியாது என்றேன். அது அண்ணன் கடல் தாண்டிக் கொண்டுவந்தது. அதில்தான் என் பிள்ளை முதன்முதலில் தண்ணீரை அடித்துச் சிரித்தாள். ஆனால் யோசித்துப் பார்த்தால், தொட்டி இருந்து மாமன் இல்லாவிட்டால் என்ன பிரயோசனம்? எடுத்துக் கொடுத்தேன். அவர் தொட்டியைத் தட்டினார், றெக்கையைத் தட்டினார். தொட்டி விளிம்புக்குக் கீழே ஒரு துண்டைச் சதுரமாக வெட்டி, உருக்கி, பிளவில் இழைத்தார். வெண்ணெயில் கத்தி போனதுபோலச் சேர்ந்துகொண்டது. இரண்டும் ஒரே சாதி பிளாஸ்டிக், தாயும் பிள்ளையும் மாதிரி என்றார். போகிற போக்கில், தொட்டியின் ஓட்டையைச் சும்மா விட மனசில்லாமல், பளபளவென்று ஒரு சிவப்புத் துண்டு வைத்து அடைத்தும் கொடுத்தார்.

நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். ஒரே சாதி என்ற வார்த்தை அவர் காதில் விழுந்துவிட்டது. பழைய தீபாராதனை மறுபடி எரிந்துகொண்டிருந்தது.

"வாயத் தொறந்தீங்கன்னா, நான் எங்கண்ணன் ஊட்டுக்கே போயிருவனுங்க" என்றேன்.

இன்னும் ஒரு சங்கடம் இருந்தது. வெயிலில் நின்று நின்று றெக்கை பழுத்த நிறமாகியிருந்தது. பரணிலிருந்த தொட்டியோ புதுப் பால் நிறம். ஒட்டிய இடம் தூரத்திலிருந்தே கோடாகத் தெரிந்தது. கோயிலுக்குப் போகிற வண்டிதானே என்று, சந்தனத்தைக் குழைத்து அந்தக் கோட்டின்மேல் பட்டையாக அடித்தேன். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் சந்தேகம் வரும் என்று வலது பக்கமும் அடித்தேன். அப்புறம் விளக்கு, ஹேண்டில்பார், சீட்டு என்று எதையும் விடவில்லை. குங்குமமும் வைத்து மாலையும் போட்டதும் வண்டி நாயன்மார் மாதிரி நின்றது.

அண்ணன் பழனியிலிருந்து மொட்டைத் தலையோடு வந்தார். வண்டியைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. என் வண்டிக்கு இத்தனை மரியாதையா என்று கேட்டு, இவர் தோளில் கை வைத்தார். இவர் நெளிந்தார். எல்லாம் நல்லபடி முடியப் போகிறது என்று நான் முருகனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்த அந்த நிமிஷத்தில் அண்ணன் சொன்னார்: "அம்மிணி, அந்தத் தொட்டியையும் எடுத்துக்க. மொட்டையடிச்சுப் போட்டு அதுலதான் புள்ளையக் குளிக்க வெக்கோணும்."

பஸ்ஸில் நான் தொட்டியை மடியில் வைத்துச் சேலை முந்தானையால் மூடிக்கொண்டே சிவன்மலைவரை போனேன். மொட்டை முடிந்தது. தொட்டியை எடுக்க வேண்டியதாயிற்று. சிவப்புத் துண்டு இருந்த பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைத்தேன். வள்ளி மாமனைப் பார்த்த சந்தோஷத்தில் தொட்டிக்குள் ஒரு சுற்றுச் சுற்றினாள், தொட்டியும் சேர்ந்து சுற்றியது. அண்ணன் குனிந்து அந்தச் சிவப்பைப் பார்த்தார். இதென்ன என்றார். எலி கடித்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"எலி, அடிக்கோல் வெச்சுச் சதுரமாவா கடிச்சுது மாப்ள?"

அண்ணன் படிக்குக் கீழே நிறுத்தியிருந்த வண்டியை ஒரு தடவை பார்த்தார். வெயிலில் சந்தனம் காய்ந்து உதிர ஆரம்பித்திருந்தது. அவர் பார்வை அந்த இடத்தில் நின்றதா, தாண்டிப் போனதா என்று எனக்குத் தெரியவில்லை. வள்ளியைத் துடைத்து, பட்டுப் பாவாடை கட்டி, மடியில் வைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்தார். முகம் இறுகியிருந்தது. காது குத்தி முடிந்ததும் வண்டியிடம்தான் போவார், பார்ப்பார், மறுபடி வருஷக்கணக்கில் வரமாட்டார் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

ஆசாரி வலது காதைக் குத்தினார். பிள்ளை வீறிட்டாள். அண்ணன் தன் காதையே குத்தியதுபோல் முகத்தைச் சுளித்து அவளை இறுக்கிக்கொண்டார். ஆசாரி அடுத்த கம்மலுக்குக் கையை நீட்டினார். எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. ஒரு காது மட்டும் குத்திய பிள்ளையோடு மணையைவிட்டு எழுந்த மாமன் எங்கள் சனத்தில் இதுவரை கிடையாது. சொல்வதென்றால் இப்போதுதான் சொல்ல வேண்டும்.

"அண்ணா, வண்டி றெக்கை ஒடைஞ்சு போச்சுங்க. அதய ஒட்டறதுக்குத்தான் தொட்டிய வெட்டுனமுங்க" என்றேன்.

ஆசாரியின் கை அந்தரத்தில் நின்றது. சுற்றியிருந்த சொந்தமெல்லாம் திரும்பிப் பார்த்தது. அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. இவரைத்தான் பார்த்தார். எழுந்திருக்க முடியாத கோபம் பார்க்கவே பயமாக இருந்தது.

"அப்ப நீங்க ஜெயிச்சுப் போட்டீங்க. அன்னைக்கு என்ன சொன்னீங்க மாப்ள? இப்பச் சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அவர் சொன்னதெல்லாம் பலித்திருந்தது. ஒரு தட்டுக்கே உடைந்தது. அவர் பேர் சொன்ன அதே ஆட்டுக்கல்லில் உடைந்தது. தொட்டியும் றெக்கையும் ஒரே பிளாஸ்டிக் என்று வாளி ஒட்டுகிறவர் சாட்சி சொல்லியாகிவிட்டது. ஆயுசு முழுக்க அவர் காத்திருந்த நிமிஷம், சபையே கூடி, சொல்லு சொல்லு என்று நிற்கிறது. அவர் வள்ளியைப் பார்த்தார். ஒரு காதில் கம்மலும் கன்னத்தில் கண்ணீருமாக அவள் மாமன் சட்டையைப் பிடித்திருந்தாள்.

"நான் சொன்னது தப்புங் மச்சான்" என்றார் என் வீட்டுக்காரர். "ஆசைப்பட்டு மங்கலம் ரோட்டுல ஓட்டிப் பாத்தனுங்க. எருமை ஒண்ணு குறுக்க வந்துருச்சு. அது மேல முட்டி, அதுக்கப்பறந்தான் ஒடைஞ்சுதுங்க. சாமானியத்துல ஒடையலீங்க."

சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டத் தெரியாதவர் அவர். பின்னால் நின்ற சுப்பண்ணன் "எருமையா?" என்று ஆரம்பித்தார். நான் ஒரு முழு லட்டை எடுத்து அவர் வாயில் திணித்தேன்.

அண்ணன் வள்ளியின் கன்னத்தைத் துடைத்துவிட்டார். அப்புறம் கேட்டார்.

"எருமைக்கு என்னாச்சு?"

"அன்னைக்குப் பூராவும் எந்திரிக்கலீங்க."

"வண்டி?"

"றெக்கை மட்டுந்தானுங்க. வேற ஒரு கீறல் கிடையாது."

அண்ணன் முகம் மெல்ல மலர்வதை நான் பார்த்தேன். சுற்றியிருந்தவர்கள் பக்கம் திரும்பி, கேட்டீர்களா என்பதுபோல் தலையசைத்தார். அப்புறம் ஏதோ உறுத்த, தொட்டியை வெட்டி அதில் எப்படி ஒட்டியது என்று கேட்டார். உருகிச் சேரவில்லை, சும்மா மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது, தொட்டி வேறு றெக்கை வேறு, றெக்கை உசத்திச் சாதி என்றார் இவர். இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. றெக்கை உடைந்ததைவிட அதுதான் பெரிய உடைசல்.

"ஆசாரி, அடுத்த காதக் குத்துங்க" என்றார் அண்ணன்.

பந்தியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எருமையின் கொம்பு எத்தனை அகலம் என்று அண்ணன் கேட்டுக்கொண்டேயிருந்தார், இவர் கையை விரித்துக் காட்டிக்கொண்டேயிருந்தார். பாயசம் வருவதற்குள் எருமைக்கு ஒரு கன்றும் சேர்ந்துவிட்டது. ஒட்டிய கோட்டை அண்ணன் அதற்கப்புறம் மறைக்கவேயில்லை. வண்டியைப் பார்க்கிற எல்லோருக்கும் விரல் வைத்துக் காட்டினார். எருமைக் கதை பல்லடம் தாண்டிப் போயிற்று. எங்கள் வீட்டுக்கு யாரையாவது கூட்டி வந்து, "மாப்ள, நீங்களே சொல்லுங்க" என்பார். இவரும் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தோற்றுக் காட்டுவார். நான் ஆட்டுக்கல்லில் றெக்கை பட்டு விழுந்திருந்த வெள்ளைக் கீறலின்மேல் முறத்தைக் கவிழ்த்து வைப்பேன்.

அன்று சிவன்மலையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் வள்ளி அவர் தோளில் தூங்கிவிட்டாள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று என் பக்கம் திரும்பினார். "ஏம்புள்ள, நான் அப்பவே..." என்று ஆரம்பித்தார். நான் பார்த்தேன். அவர் குழந்தையின் இரண்டு காதையும் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல" என்றார்.

எனக்கு அந்த மனுஷன்மேல் அத்தனை பிரியம் வந்தது. அக்கம்பக்கம் ஆள் இருக்கிறதே என்றுகூடப் பார்க்காமல் அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு, அவர் காதருகே குனிந்து, "ஆமாங்க, நீங்க அப்பவே சொன்னீங்க" என்றேன்.